கையொப்பத்துக்கு விட்ட இடம்

அண்ணையை நேசித்த உறவினர்களுக்கும், அவரைக் கொண்டு ஒரு கடிதமாவது எழுதுவித்துக்கொண்ட நண்பர்களுக்கும் வணக்கம்.

ஊரில் இருந்திருந்தால் அண்ணையின் இந்த முப்பத்தோராம் நாள் நினைவுக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல அச்சகமாகப் பார்த்து நினைவு மலர் அடித்திருப்போம். வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி அண்ணையிடந்தான் கேட்டிருப்போம். எங்கள் பகுதியில் யார் கண்ணை மூடினாலும் மூன்றாம் நாளே அவரைத் தேடி ஆள் வந்துவிடும். கையை இறுக்கிப் பிடித்தே வாழ்ந்தவரை வள்ளல் என்று எழுதுவார். வாயைத் திறந்தால் சண்டை என்று இருந்தவரைச் சாந்த சொரூபி என்பார். "ஏன் அண்ணை இப்படிப் பொய் எழுதிறியள்?" என்று நான் கேட்டால், "இதுவும் ஒரு பெட்டிசம்தான் பிள்ளை. மேல இருக்கிறவருக்கு எழுதிறது" என்று சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார்.

அவருக்கு எழுத ஆளில்லாததால் நான் எழுதுகிறேன். ஜெர்மனியின் ஹம் நகரில், என் வீட்டுக் குசினி மேசையில் இருந்து கையால் எழுதிப் போட்டோக்கொப்பி எடுத்த மலர் இது. என் கையெழுத்து அண்ணைக்குப் பிடிக்காது. கோழி கிளறியது போல இருக்கிறது என்பார். நான் இதில் எழுதப்போகிற விஷயமும் அவருக்குப் பிடித்திருக்காது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை தென்மராட்சியில் பிறந்தவர். எங்களைப் பெற்ற ஐயா, வழக்குப் பேசும் பிரக்கிராசியார் ஒருவரின் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தார். அண்ணைக்குப் பதினைந்து வயதிருக்கும்போது ஐயா காலமானார். அப்போது எனக்கு நான்கு வயது. ஆங்கிலத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்துகொண்டிருந்த அண்ணை, பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஐயா இருந்த கதிரையில் போய் இருந்தார். சில வருடங்களில் பிரக்கிராசியாரோடு ஒத்துவரவில்லை. ஒரு பழைய தட்டெழுத்துப் பொறியை வாங்கிக்கொண்டு, யாழ்ப்பாணம் கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்தின் வாசலில் மரநிழலில் மேசை போட்டார். அம்மாவையும் என்னையும் பார்த்தது அந்த மேசைதான். எனக்குக் கலியாணம் செய்து வைத்ததும் அதுதான். அண்ணி முதற் பிரசவத்திலேயே பிள்ளையோடு போய்விட்டார். அதன்பிறகு அண்ணையிடம் மறுமணம் என்ற பேச்சை எடுக்க யாருக்கும் துணிவு வரவில்லை.

புலம்பெயர்ந்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் பெட்டிசம் என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். அரசாங்கத்திடம் ஒன்றைக் கேட்டு எழுதுகிற விண்ணப்பந்தான் பெட்டிசம். காணிக்கு, ஓய்வூதியத்துக்கு, மகனின் உத்தியோகத்துக்கு, மருமகனின் இடமாற்றத்துக்கு, மறியலில் இருப்பவரின் தண்டனைக் குறைப்புக்கு என்று எல்லாவற்றுக்கும் எழுதுவார்கள். அதோடு பெரிய மனிதர் ஒருவரின் சிபார்சும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. அண்ணையின் பெட்டிசம் எப்போதும் ஒரே ஒழுங்கில் போகும். முதலில் அதிகாரியைப் போற்றுவார். அடுத்து மனுதாரரின் குடும்பப் பெருமை வரும். பிறகு, அரசாங்கத்தோடு இவருக்கு ஒருநாளும் எந்தப் பிணக்கும் இருந்ததில்லை, சட்டத்துக்கு அடங்கி நடப்பவர் என்று ஒரு வசனம். அதற்குப் பிறகுதான் கேட்க வேண்டியதைக் கேட்பார். கடைசியில், இந்த உபகாரத்துக்காக மனுதாரர் கடமைப்பட்டவராய் என்றென்றும் பிரார்த்திப்பார் என்று முடிப்பார்.

தொழிலில் அண்ணைக்கு இரண்டு கண்டிப்புகள் இருந்தன. எழுதியதை மனுதாரருக்கு முழுதும் வாசித்துக் காட்டுவார். வாசித்துவிட்டு, "சரியோ?" என்று கேட்பார். "ஓம்" என்று சொன்னபிறகுதான் கையொப்பம் வைக்கப் பேனாவைக் கொடுப்பார். மற்றது, எழுதியவரின் பெயர் பெட்டிசத்தில் எங்கும் வரக்கூடாது. "நான் அங்க இல்லை. அங்க இருக்கிறது மனுதாரர் மட்டும்தான்" என்பார். அந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு நாடு என்ன ஆனது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என் கணவர் சந்தியிலிருந்த கூட்டுறவுச் சங்கக் கடையின் முகாமையாளர். அந்த வருடக் கடைசியில் ஆமிக்காரர் அவரைப் பிடித்துக்கொண்டு போய் மூன்று நாள் வைத்திருந்தார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தபோது அவரால் செருப்புப் போட முடியவில்லை. ஒரு மாதம் உப்புத் தண்ணீரில் அவருடைய உள்ளங்கால்களைக் கழுவியவள் நான். அடுத்த தை மாதம் அண்ணையும் அவரும் சேர்ந்து புறப்பட்டார்கள். மொஸ்கோ போய், கிழக்கு பெர்லினில் இறங்கி, ரயில் ஏறி மேற்கே வந்து, கடைசியில் ஹம் நகரத்து ஹைம் என்கிற அகதிகள் விடுதியில் ஓர் அறையும் இரண்டு கட்டிலுமாக வந்து சேர்ந்தார்கள்.

அந்த ஹைமில் நன்றாக ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர் அண்ணை ஒருவர்தான். ஒரு மாதத்துக்குள் கச்சேரி வாசல் மாதிரி அறை வாசலில் வரிசை நின்றது என்று என் கணவர் எனக்குக் கடிதம் எழுதினார். பழைய சாமான் சந்தையில் ஒரு தட்டெழுத்துப் பொறியும் வாங்கினாராம். ஜெர்மன் பொறியில் ஒய் எழுத்தும் இசட் எழுத்தும் இடம் மாறியிருக்கும். விரலைப் பாராமல் அடிக்கிறவர் என்ற பெருமை அண்ணைக்கு. அதனால் ஒய் வரவேண்டிய இடமெல்லாம் இசட் வந்தது. நகரத்தின் பெரிய அதிகாரி ஒருவருக்கு, எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவனுக்குக் காவலாளி வேலை கேட்டு, அவனுடைய பாட்டனார் கிராமத் தலைவராக, விதானையாராக இருந்ததையும் குறிப்பிட்டு, அப்படி ஒரு சிபார்சுக் கடிதம் அனுப்பினார். பதிலுக்கு நகரத்தின் வரைபடமும் நல்வாழ்த்தும் வந்தன. அந்த வரைபடத்தை அண்ணை வருகிற ஆட்களுக்கெல்லாம் காட்டி, "பதில் வந்திருக்கு, பாத்தியளே" என்பாராம்.

அண்ணை அந்த ஹைமில் எழுதிய முதல் அகதி விண்ணப்பம் என் கணவருடையது. எழுதி முடித்து, வழக்கம்போல வாசித்துக் காட்டினார். என்ன நடந்தது என்று என் கணவர் பிறகு எனக்குச் சொன்னார்.

"சரியோ?"

"அந்த மூண்டு நாளைப் பற்றி ஒண்டும் இல்லையே அண்ணை?"

"மச்சான், அரசாங்கத்துக்கு எழுதிற கடதாசியில அரசாங்கத்தைக் குறை சொல்லப்படாது. எல்லா அரசாங்கமும் ஒண்டுக்கொண்டு சொந்தக்காரர் மாதிரி. நாங்கள் சோலி சுரட்டுக்குப் போகாத ஆக்கள் எண்டு தெரிஞ்சால்தான் உள்ளுக்கு விடுவாங்கள்."

என் கணவர் "ஓம்" என்றார். கையொப்பமும் வைத்தார். அந்த விண்ணப்பத்தில், தன் நாட்டு அரசாங்கத்தோடு இவருக்கு ஒருநாளும் எந்தப் பிணக்கும் இருந்ததில்லை என்ற வசனம் இருந்தது. இவர்மேல் ஒரு முறைப்பாடும் இல்லை என்று ஊர்க் கிராம சேவகர் கொடுத்த நற்சான்றிதழையும் அண்ணை கவனமாக இணைத்திருந்தார். யாரோ ஒருவர் எல்லாவற்றையும் ஜெர்மன் மொழிக்கு மாற்றினார். சில மாதங்களின் பின் நேரில் அழைத்து விசாரித்த அதிகாரி அந்தக் கடதாசியை எடுத்துக் காட்டி, இதில் உள்ளதெல்லாம் சரியா என்று கேட்டிருக்கிறார். மூத்தவர் எழுதியதைப் பிழை என்று சொல்ல என் கணவருக்கு வாய் வரவில்லை. அங்கேயும் ஓம் என்றுதான் சொன்னார்.

நான் எண்பத்தைந்து பங்குனியில் வந்து சேர்ந்தேன். என்னுடைய அகதி விண்ணப்பத்துக்காக அண்ணை என்னை ஒரு தேவாலயத்தின் ஆலோசனை நிலையத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே அகதிகளுக்கு உதவியவர் அயர்லாந்து நாட்டு அருட்சகோதரி ஒருவர். ஆங்கிலத்தில் பேசலாம் என்பதால் அண்ணைக்கு அவரிடம் போவதென்றால் ஒரு தனி உற்சாகம். கோட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டிக்கொண்டுதான் போவார்.

அண்ணை எனக்காக எழுதிக்கொண்டு போன தாளைச் சகோதரி வாசிக்கத் தொடங்கினார். கடைசிப் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே, கண்ணை மூடிக்கொண்டு, "கடமைப்பட்டவராய் என்றென்றும் பிரார்த்திப்பார்" என்று தானாகவே சொல்லி முடித்தார். அண்ணை திகைத்துப் போனார்.

"இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

சகோதரி சிரித்தார். அவர் சொல்லச் சொல்ல அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார். அவருடைய தமையனார் ஊரில் பள்ளிக்கூட ஆசிரியராம். நூற்றைம்பது வருடங்களுக்கு மேலான பழைய மனுக்களைத் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறாராம். அந்தக் காலத்தில் டப்ளின் நகரத்துக் கோட்டையில் இருந்துதான் ஆங்கிலேயர்கள் அயர்லாந்தை ஆண்டார்கள். விதவைகளும், காணி இழந்தவர்களும், மகனைக் கப்பல் ஏற்றி நாடு கடத்தப் போகிறார்கள் என்று அஞ்சிய தாய்மாரும் அந்தக் கோட்டைக்கு எழுதினார்களாம். வேலை கேட்டவர்கள் தங்களுக்குத் தெரிந்த பிரபுவின் பெயரைப் போட்டு எழுதினார்களாம். எல்லா மனுவிலும் ஒரே வசனம், நான் ஒரு குழப்பத்திலும் சேர்ந்ததில்லை, அரசாங்கத்துக்கு என்றும் விசுவாசமானவன்.

"எங்கட ஐயாவிட்டையும் உப்பிடி ஒரு மாதிரிக் கொப்பி இருந்தது" என்று அண்ணை என் பக்கம் திரும்பி மகிழ்ச்சியோடு சொன்னார். ஆங்கிலேயர் இரண்டு நாட்டையும் ஆண்டவர்கள், எழுத்தையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குப் புதினமாக இருந்தது.

சகோதரி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டார். தாளை மேசையில் வைத்தார். "அந்த மக்கள் பயத்தில் எழுதினார்கள். அவர்களை வருத்திய அரசாங்கத்திடமே அவர்கள் கேட்க வேண்டியிருந்தது. நீங்கள் இப்போது வேறொரு அரசாங்கத்திடம் கேட்கிறீர்கள். உங்கள் நாட்டில் உங்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் இவர்களுக்குத் தெரிய வேண்டியது. பிணக்கு எதுவும் இல்லை என்று நீங்களே எழுதினால், பிறகு ஏன் வந்தீர்கள் என்றுதான் கேட்பார்கள்" என்றார். அண்ணை மெதுவான குரலில், இந்த நாட்டில் பெட்டிசத்துக்கு என்ன பெயர் என்று கேட்டார். "அன்ட்ராக். ஆனால் அது கெஞ்சுவது அல்ல. சட்டம் உங்களுக்குத் தந்திருப்பதைக் கேட்பது" என்றார் சகோதரி.

இரண்டு பேரும் நடந்து திரும்பினோம். அண்ணை ரயில் பாலத்தில் நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மச்சான்ர கடதாசி போய் ஒரு வருசமாச்சு தங்கச்சி" என்றார். கோட்டுப் பொத்தான்கள் எல்லாம் பூட்டியபடியே இருந்தன.

அடுத்த வாரமே சகோதரியின் உதவியோடு ஒரு திருத்தம் எழுதி அனுப்பினோம். மூன்று நாள், உள்ளங்கால், உப்புத் தண்ணீர் எல்லாம் அதில் இருந்தது. காலம் கடந்துவிட்டது. எண்பத்தாறில் என் கணவரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. பிறகு நீதிமன்றமும் அதையே சொன்னது. சகோதரி கடிதத்தை எங்களுக்கு வாசித்து மொழிபெயர்த்தார். தன் நாட்டு அரசாங்கத்தோடு எந்தப் பிணக்கும் இருந்ததில்லை என்று விண்ணப்பதாரரே எழுதியும் நேரில் உறுதிப்படுத்தியும் இருக்கிறார், பிற்பாடு சொன்னவற்றை நம்புவதற்கில்லை என்று அதில் இருந்தது. அண்ணையின் வசனம் ஜெர்மன் மொழியில் மேற்கோள் குறிகளுக்குள் நின்றது. அந்த மொழி எனக்குத் தெரியாவிட்டாலும் எந்த வரி அது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். மற்றவர்களுடையதை எல்லாம் எழுதி முடித்த பிறகுதான் தன்னுடையதை எழுதுவது அண்ணையின் வழக்கம். அதனால் அவருடைய அகதி விண்ணப்பம் சகோதரியைச் சந்தித்த பிறகு எழுதப்பட்டது. கச்சேரி வாசலில் சீருடைக்காரர்கள் தன்னை முழங்காலில் இருத்தி, கண்முன்னால் பொறியை உடைத்து, இடக்கைச் சுட்டுவிரலை முறித்ததை அவர் அதில் முதல் வரியிலேயே எழுதியிருந்தார். கதவுக்குள் அகப்பட்டு முறிந்த விரல் என்றுதான் அவர் எனக்கு அதுவரை சொல்லியிருந்தார். அண்ணையின் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அகதிகளுக்கான நீலப் பாஸ்போர்ட் வந்தது. அதை அலுமாரியின் அடித்தட்டில், வேட்டிகளுக்குக் கீழே வைத்தார். ஒரு நாளும் அவர் அதை எடுத்துப் பார்த்து நான் காணவில்லை.

எண்பத்தேழு ஆடியில் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு ஊருக்குச் சமாதானம் வந்துவிட்டது என்று எல்லோரும் நம்பினோம். நாட்டை விட்டு வெளியேறும்படி என் கணவருக்குக் கடிதம் வந்திருந்தது. அவருடைய தகப்பனாருக்கும் சுகமில்லை. "அனுப்பிப் போறதிலும் பார்க்க நானாப் போறது மரியாதை" என்றார். என்னுடைய விண்ணப்பம் இன்னும் முடியாததால் என்னை நிற்கச் சொன்னார். ஆவணி மாதம் ஒரு நாள் காலை ஹம் ரயில் நிலையத்தில் அவரை வழியனுப்பினோம். அண்ணை ஐந்தாறு அடி தள்ளி, பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். என் கணவர் அவரிடம் போய்ப் பெட்டியை வாங்கினார்.

"நீங்கள் யோசியாதேங்கோ அண்ணை. நானும் ஓம் எண்டுதானே சொன்னனான்."

ரயில் வந்தது. "போயிட்டு வாறன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு என் கணவர் ஏறினார். புரட்டாதியில் ஒரு கடிதம் வந்தது. தகப்பனார் தேறிவிட்டார், முற்றத்து மாமரம் காய்த்திருக்கிறது என்று எழுதியிருந்தார். ஐப்பசியில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. மருந்து வாங்கிவர என்று சைக்கிளில் வெளியே போனாராம். அதற்குப் பிறகு அவரைக் கண்டவர் ஒருவரும் இல்லை.

அந்தச் செய்தி வந்த அன்று அண்ணை என் வீட்டுக் கதவடியில் வந்து நின்றார். நான் அவரை உள்ளே வரச் சொல்லவில்லை. "உங்கட வசனந்தான் அண்ணை அந்தாளைத் திருப்பி அனுப்பினது" என்றேன். என்னை வளர்த்து, படிப்பித்து, கலியாணம் கட்டிக் கொடுத்த மனிதரை நிலைப்படியில் நிறுத்தி வைத்து அப்படிச் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். இந்த மலரைப் பெறுகிற எல்லோரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும். நான் சொன்னது பொய்யல்ல என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணை வந்தார். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற வேலை அவருக்கு. சனிக்கிழமை விடுமுறை. பத்தரை மணி பஸ்ஸில் இறங்கி, மூன்று மாடி ஏறி, இரண்டு தரம் கதவில் தட்டுவார். கையில் ஒரு நீளக் கடித உறை இருக்கும். காணாமற்போனவர்களைத் தேடித் தருகிற ஒரு நிலையத்துக்கு, என் கணவரைப் பற்றி என் பெயரில் அவர் எழுதிய விண்ணப்பம்.

"வாசிக்கிறன், கேளன் தங்கச்சி."

"வைச்சிட்டுப் போங்கோ."

"கையெழுத்து வைச்சால் திங்கக்கிழமை போட்டுடுவன்."

"இப்ப ஏலாது அண்ணை."

தேத்தண்ணி குடிப்பார். உறையைச் சீனிப் போத்தலுக்குக் கீழே வைத்துவிட்டுப் போவார். அடுத்த சனி புதிதாக ஒன்று எழுதிக்கொண்டு வருவார். நான் ஒன்றையும் பிரிக்கவில்லை. பிஸ்கட் பேணி ஒன்றில் போட்டு மூடிவைத்தேன். அண்ணையின் எழுத்தில் இன்னொரு தாளுக்கு எங்கள் வீட்டிலிருந்து ஓம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைவிடப் பெரிய காரணம் வேறு. கையொப்பம் வைத்தால் என் கணவர் காணாமற்போனவர் ஆகிவிடுவார். வைக்காத வரைக்கும் அவர் கடிதம் போட நேரமில்லாத ஒரு மனிதர், அவ்வளவுதான்.

ஒன்றேகால் வருடத்துக்கு மேல் அப்படியே போனது. இந்த மாசி மாதம் ஒரு சனிக்கிழமை பத்தரை மணி பஸ் வந்து போன சத்தம் கேட்டது. கதவில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. தேத்தண்ணி ஆறிப் போச்சு என்று எனக்குக் கோபம். பன்னிரண்டு மணிக்கு வைத்தியசாலையிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். என் வீட்டுத் தெருமுனைப் பஸ் தரிப்பிடத்தில், இறங்கிய இடத்திலேயே இருதயம் நின்றுவிட்டதாம். இன்னும் ஐம்பது அடி நடந்திருந்தால் என் வாசல்.

வைத்தியசாலையில் அவருடைய பொருட்களை ஒரு பையில் போட்டுத் தந்தார்கள். கோட்டு, மூக்குக்கண்ணாடி, பஸ் ரிக்கற், நீளக் கடித உறை. கோட்டின் பொத்தான்கள் எல்லாம் பூட்டியிருந்தன, யாரோ அப்படியே மடித்திருந்தார்கள்.

கிரியைகள் முடிந்த பிறகு பேணியைத் திறந்து எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கி வாசித்தேன். ஆங்கிலத்தில் அடித்த தாளுக்குப் பின்னால், எனக்கு விளங்கவேண்டும் என்று தமிழிலும் கையால் ஒரு பிரதி எழுதி வைத்திருந்தார். முதல் மாதத்துத் தாள்களில் கருணை கூர்ந்து, தயை புரிந்து, தாழ்மையுடன் என்றெல்லாம் இருந்தது. போகப்போக அந்தச் சொற்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. ஒரு தாளில் பிரார்த்திப்பேன் என்று எழுதி வெட்டியிருந்தார், அதற்கடுத்த தாள்களில் அந்தச் சொல்லே இல்லை. ஐம்பத்தேழு வயதில் அந்த மனிதர் என் சீனிப் போத்தலுக்குக் கீழே தன் தொழிலைத் திரும்ப முதலிலிருந்து படித்திருக்கிறார். நான் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

வைத்தியசாலையில் தந்த உறைக்குள் இருந்த கடைசித் தாள் ஒன்றரைப் பக்கந்தான். விரலைப் பாராமல் அடிக்கிற மனிதர் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து அடித்திருக்கிறார். ஓர் ஒய்யும் இசட்டும் மாறியிருக்கவில்லை. தமிழ்ப் பிரதியில் இப்படி எழுதியிருந்தார்:

"இந்த மனுதாரரின் கணவரை மூன்று நாள் அடைத்து வைத்து உள்ளங்காலில் அடித்தார்கள். அதனால் அவர் இந்த நாட்டுக்கு வந்தார். இங்கே அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டதற்குக் காரணமான வசனம் அவர் சொன்னதல்ல. அது அவருக்காக எழுதியவரின் பிழை. அந்த மனுவை எழுதியவர் நான்தான். என் பெயரைக் கீழே தருகிறேன். இவர் எங்கே இருக்கிறார் என்று அறிந்து சொல்லும்படி இவருடைய மனைவி கேட்கிறார்."

கீழே தன் முழுப் பெயரை எழுதியிருந்தார். அவர் எழுதிய ஆயிரம் பெட்டிசங்களிலும் எழுதியவரின் பெயர் வந்தது இந்த ஒன்றில் மட்டுந்தான். அதற்கும் கீழே என் கையொப்பத்துக்கு இடம் விட்டிருந்தார். நல்ல பெரிய இடம். கோழி கிளறிய கையெழுத்துக்குக் காணும் என்று நினைத்திருப்பார்.

சனிக்கிழமை பத்தரை மணிக்கு இப்போதும் பஸ் வருகிறது. இரண்டு தரம் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. எழும்பிப் போய்க் கதவைத் திறக்கிறேன். ஒருமுறை கீழ் வீட்டு மூதாட்டி படியில் நின்று, யாரைத் தேடுகிறாய் என்று கேட்டார். எந்த மொழியில் என்ன சொல்வதென்று தெரியாமல் கதவைச் சாத்தினேன். இரண்டு பேருக்காகக் காத்திருக்கிறேன், ஒருவர் இறந்தார் என்று எனக்குத் தெரியும், மற்றவரைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. தட்டுகிறவர் யார் என்று சில நாட்களில் குழம்பிப் போகிறேன்.

இனி நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெருமுனையில் அண்ணையின் தலையைத் தன் மடியில் வைத்திருந்த, பெயர் தெரியாத ஜெர்மன் பெண்மணிக்கு நன்றி. அண்ணைக்குப் பிள்ளைகள் இல்லாத குறை தெரியாமல் மகனாக நின்று கடமை செய்த ஹைம் அறை நண்பருக்கு நன்றி. பீலெஃபெல்ட்டிலிருந்தும் ஹம்பேர்க்கிலிருந்தும், தங்களுக்கு ஒதுக்கிய ஊர் எல்லையைத் தாண்ட அனுமதி இல்லாத நிலையிலும் பயந்து பயந்து ரயிலேறி வந்த உறவுகளுக்கும், செத்த வீட்டுக்குச் சமைத்துக் கொண்டுவந்த அக்காமாருக்கும் நன்றி. தேவாரத்தின் நடுவில் தன் மொழியில் ஒரு செபம் சொல்லிய அருட்சகோதரிக்கு நன்றி. அண்ணையின் சாம்பலை ஊருக்கு அனுப்ப நான் கேட்ட அனுமதிக்கு இன்னும் பதில் வரவில்லை. அந்த அன்ட்ராக்கை நானே எழுதினேன். நான்கே வரி. யாரையும் போற்றவில்லை.

இந்த மலரின் முடிவில், அண்ணையோடு எனக்கு எந்தப் பிணக்கும் இருந்ததில்லை என்று எழுத நினைத்தேன். மூன்று தரம் எழுதி மூன்று தரமும் வெட்டினேன். பயந்தவர்கள் எழுதுகிற வசனம் அது. பிணக்கு இருந்தது, அண்ணை. நீங்கள் உயிரோடிருந்த கடைசி நாள்வரை இருந்தது. நடந்ததை மறைக்காமல் எழுத வேண்டும் என்று அந்த ஒன்றரைப் பக்கத்தில் நீங்கள்தான் எனக்குக் காட்டித் தந்தீர்கள். எனக்கு உங்களில் இருந்த பாசமும் அந்தப் பிணக்கு அளவுக்குப் பெரியது. சீனிப் போத்தலடியில் நீங்கள் இருந்தபோது அதைச் சொல்லாமல் விட்டது என்னுடைய பிழை. அந்தப் பிழைக்கு உரியவளின் கையொப்பமும் இந்த மலரின் கீழே இருக்கிறது.

நேற்று உங்கள் படத்துக்கு முன்னால் அந்தக் கடைசித் தாளை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துக் காட்டினேன். "சரியோ?" என்று நீங்கள் கேட்கிற இடத்தில் நிறுத்தினேன். ஓம் என்று சொன்னேன். கையொப்பம் வைத்து, உறையை ஒட்டி, தபாலில் சேர்த்துவிட்டேன்.

பதில் வந்தால் வாசித்துக் காட்டுகிறேன், அண்ணை.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி
ஹம், ஜெர்மனி